மைதா ஆகாத மாப்பிள்ளை

"மாப்ள, ரெண்டு போதுமா, நாலு போடச் சொல்லவா?"

கருத்தக்கண்ணன் கல்லைப் பார்த்தான். ஜலீல் பாய் கடை வாசலில், ஒரு ஆள் படுத்து உருளுகிற அகலத்துக்குக் கிடந்த கல்லில், பரோட்டாக்கள் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தன. மாஸ்டர் வெந்ததை அடுக்கி, இரண்டு கையாலும் ஓங்கித் தட்டினார். ஒவ்வொரு தட்டும் கருத்தக்கண்ணனின் வயிற்றில் விழுந்தது.

அவனுக்குப் பரோட்டா ஆகாது. பரோட்டா என்றில்லை, கோதுமை சம்பந்தப்பட்ட எதுவுமே ஆகாது. இரண்டு வருஷமாகத் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல், ஆள் துரும்பாகிப் போயிருந்தான். கடைசியில் ஒரு பெரிய டாக்டர்தான் கண்டுபிடித்தார். "கோதுமை, மைதா, ரவை, சேமியா, எதையும் வாயில வைக்காதீங்க. ஆயுசுக்கும்" என்றார். அன்றிலிருந்து உடம்பு தேறியது. கொட்டாம்பட்டியில் அவன் வைத்திருந்த மோட்டார் ரிப்பேர் கடையும் தேறியது. தேறாதது கல்யாணம் மட்டும்தான்.

போன தை மாசம் மேலூரில் பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரி வைத்தார்கள். அவன் உண்மையைச் சொன்னான். "கேசரி திங்க வக்கில்லாதவன் குடும்பம் நடத்துவானா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சு அவனுக்கு முன்னால் பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தது.

"இந்தத் தடவ வயித்தப் பத்தி வாயத் தொறந்த, நான் வீட்டுக் கதவத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் அவன் அம்மா ரெங்கம்மாள் காலையில் அவனை மதுரைக்கு அனுப்பினாள்.

பெண்ணின் அப்பா முதலில் அவனைத் தனியாகப் பார்த்துப் பேச ஆசைப்படுகிறாராம். தரகர் சுடலை அடையாளம் சொல்லியிருந்தார். "வெள்ளச் சட்ட, கையில மஞ்சப் பை, லேசா வழுக்கை. பஸ் ஸ்டாண்டுல நில்லு, அவரே தேடி வருவாரு."

இறங்கிப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டில் பாதிப்பேர் வெள்ளைச் சட்டையும் மஞ்சள் பையுமாக நின்றார்கள். மீதிப்பேருக்கு வழுக்கை இருந்தது. அவன் திகைத்து நிற்கும்போதே ஒருவர் வேகமாக வந்தார்.

"கொட்டாம்பட்டியா?"

"ஆமாங்க."

"வாங்க மாப்ள! ஒங்களுக்காகத்தான் நிக்கிறேன். மொதல்ல சாப்பாடு, அப்புறம் பேச்சு."

'மாப்ள' என்று வாய் நிறையக் கூப்பிட்டதுமே கருத்தக்கண்ணனுக்குப் பாதி கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது. "சரிங்க மாமா" என்று பின்னால் நடந்தான். நடந்த வழி நேராக ஜலீல் பாய் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"என்ன மாப்ள யோசனை? பாய் கடை பரோட்டாவுக்கு மானாமதுரையில இருந்தெல்லாம் ஆளு வருது."

கருத்தக்கண்ணன் கல்லிலிருந்து கண்ணை எடுத்தான். "இன்னைக்கு விரதம் மாமா."

"அடடா, விரதமா!"

ஜலீல் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அதுனாலென்ன தம்பி? சால்னா வேணாம். பரோட்டாவுக்குச் சீனி போட்டுத் தாரேன். பரோட்டா சைவம்தானே?"

"இல்ல பாய், கறி வெந்த எடத்துல சாப்பிடக் கூடாது. அப்படி ஒரு விரதம்."

"அப்ப கட்டாயப்படுத்தக் கூடாது. சைவக் கடைக்குக் கூட்டிப் போங்கண்ணே" என்று பாய் விட்டுக்கொடுத்தார்.

தப்பித்தோம் என்று கருத்தக்கண்ணன் மூச்சு விட்டான். தெருவில் நடக்கும்போது வெள்ளைச் சட்டைக்காரர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"மாப்ள, வேற எங்கயாவது பேச்சு குடுத்து வச்சிருக்கீங்களா?"

"இல்ல மாமா. ஒங்களத்தான் பாக்குறேன்."

"ரொம்ப நல்லது. திருச்சிப் பக்கத்துல இருந்து வருவாங்க, தேனா பேசுவாங்க. நம்பிராதீங்க. பழசத் தலையில கட்டிருவாங்க."

மற்ற பெண்களைப் பற்றி ஒரு தகப்பன் இப்படிப் பேசலாமா என்று கருத்தக்கண்ணனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மகள் மேல் உள்ள பிரியம்தானே பேசுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

"நம்மளது அப்படி இல்ல. இம்புட்டு வெள்ளையா இந்தச் சுத்துவட்டாரத்துலயே பாக்க முடியாது."

"எனக்கு வெள்ளை முக்கியமில்ல மாமா. குணம்தான் முக்கியம்."

வெள்ளைச் சட்டைக்காரர் நின்றுவிட்டார். "அப்படிச் சொல்லுங்க! இதுவரைக்கும் எவனும் இந்த வார்த்தையச் சொன்னதில்ல. எல்லாப் பயலும் வெள்ளையத்தான் பாக்குறான். குணத்துக்கும் நான் ஜவாப்தாரி. எம்புட்டு அடிச்சாலும் தாங்கும்."

கருத்தக்கண்ணனுக்குக் கால் இடறியது. "அய்யய்யோ, அடிக்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கெடையாது மாமா!"

"நீங்க ஏன் அடிக்கிறீங்க? அதுக்குன்னு ஒரு ஆள வச்சுக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு அவர் சைவக் கடைக்குள் நுழைந்தார்.

கருத்தக்கண்ணன் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண்ணை எப்படியாவது கல்யாணம் செய்து நல்லபடியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த இடத்தில்தான் அவன் முடிவெடுத்தான்.

உள்ளே போனால் ராஜமரியாதை. வெள்ளைச் சட்டைக்காரர் நேரே அடுப்படிக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் தடுக்கவில்லை. பெரிய கைதான் போல.

"என்ன சாப்பிடுறீங்க?" என்றார் சப்ளையர்.

"இட்லி."

"இட்லி முடிஞ்சிருச்சுங்க. சாயங்காலந்தான். பூரி இருக்கு, ரவா தோசை இருக்கு, கோதுமை அல்வா இருக்கு."

"சாதா தோசை?"

"மாவு அரைச்சிக்கிட்டிருக்கு."

"வடை? உளுந்து வடைதானே?" கருத்தக்கண்ணன் குரலில் கெஞ்சல் வந்துவிட்டது.

"சுத்தமான உளுந்து வடைங்க. மொறுமொறுப்புக்கு ரெண்டு கரண்டி மைதா மட்டும் போடுவோம்."

வெள்ளைச் சட்டைக்காரர் பெருமையாகச் சிரித்தார். "பாத்தீங்களா மாப்ள? மைதா இல்லாம இந்த மதுரையில எதுவும் நடக்காது. பஜ்ஜிக்கு மைதா, பக்கோடாவுக்கு மைதா. அட, சாம்பார்ல போடுற பெருங்காயத்துல கூட மாவு கலக்குறாங்க!"

பெருங்காயத்தைப் பற்றிக் கருத்தக்கண்ணனுக்கு டாக்டர் சொல்லவில்லை. ஓட்டல் சாம்பார் சாப்பிட்ட மறுநாளெல்லாம் ஏன் சொம்பும் கையுமாக அலைந்தோம் என்பது இப்போது புரிந்தது.

"மாமா, எனக்குக் கடும் விரதம். இதெல்லாம் சேராது."

"அப்படி என்ன விரதம்? எந்தச் சாமிக்கு?"

எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்கியது. "முருகனுக்கு."

"இன்னைக்குக் கிருத்திகையும் இல்ல, சஷ்டியும் இல்லயே?"

வேறு வழியில்லை. "நாம பேச வந்த காரியம் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன் மாமா. அதுவரைக்கும் பச்சத் தண்ணிதான்."

வெள்ளைச் சட்டைக்காரரின் கண் கலங்கிவிட்டது. "என் அனுபவத்துல இதுக்காக விரதம் இருந்த ஆள நான் பாத்ததே இல்ல மாப்ள. நீங்க வேற மாதிரி ஆளு. எந்திரிங்க! முருகன் சந்நிதியிலயே விரதத்த முடிச்சு வைக்கிறேன்."

சப்ளையர் வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கருத்தக்கண்ணன் எழுந்தான். காலையிலிருந்து அவன் வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான்.

தெரு முக்கில் சின்ன முருகன் கோயில். யாரோ பேரனுக்கு மொட்டை போட்ட சந்தோஷத்தில் அண்டா வைத்துப் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்தே நெய் மணத்தது. சர்க்கரைப் பொங்கலாக இருக்கட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டே கையை நீட்டினான். வாழையிலைத் துண்டில் சுடச்சுட ரவா கேசரி விழுந்தது.

சாமி பிரசாதம். வேண்டாம் என்று சொல்ல முடியாது, கீழே போட முடியாது, வாயிலும் போட முடியாது. வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் கருத்தக்கண்ணன் கேசரியை இலையோடு சுருட்டிச் சட்டைப் பையில் திணித்தான். நெஞ்சு சுட்டது.

"என்ன மாப்ள, சட்டப் பையில நெய் வடியுது?"

"அம்மாவுக்கு எடுத்து வச்சேன் மாமா."

"தாய் மேல இம்புட்டுப் பாசமா!" அவர் திரும்பிப் போய் வரிசையில் நின்று இன்னொரு உருண்டை வாங்கி வந்தார். "அது அம்மாவுக்கு. இது ஒங்களுக்கு. சாப்பிடுங்க."

அவனைக் காப்பாற்றியது ஒரு வெள்ளாடு. கோயில் வாசலில் சும்மா படுத்திருந்தது, மணம் பிடித்து வந்து சட்டைப் பையை ஒரே கவ்வாகக் கவ்வியது. கருத்தக்கண்ணன் கத்தினான், கைகளை உதறினான். கையிலிருந்த கேசரியும் கீழே விழுந்தது. ஆடு இரண்டையும் முடித்துவிட்டு, பையில் பாதியையும் கிழித்துக்கொண்டு போனது.

"போகட்டும் மாப்ள. நம்ம காரியத்துக்கு முருகனே நேர்ல வந்து வாங்கிக்கிட்டான்னு வச்சுக்கங்க" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். ஒரு மனுஷன் இவ்வளவு நல்லவராக இருந்தால் பொய் சொல்கிறவன் பாடு கஷ்டம்தான்.

அதோடும் அவர் விடவில்லை. ஊருக்குள் இன்னும் இரண்டு கடைகளுக்கு அழைத்துப் போனார். ஒன்றில் பன் பட்டர் ஜாம், இன்னொன்றில் சேமியாப் பாயசம். ஒன்றில் பல்வலி என்றான். இன்னொன்றில், பல்வலிக்குப் பாயசம் என்ன செய்யும் என்று அவர் கேட்டதும் கருத்தக்கண்ணன் வெளியே போய் நின்றுகொண்டான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்குக் கண் இருட்டியது. பக்கத்து மேஜையில் ஒருவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த இட்லியிலிருந்து எழும்பிய ஆவி கருத்தக்கண்ணனுக்கு மேகம் மாதிரி தெரிந்தது.

அவன் வாய் திறப்பதற்குள் மேஜை மேல் வீச்சுப் பரோட்டா வந்துவிட்டது. பட்டுத் துணி மாதிரி மடித்து, மஞ்சள் மஞ்சளாக.

"மாஸ்டர்கிட்டச் சொல்லி ஒங்களுக்குன்னே போடச் சொன்னேன். விரதம் முடிஞ்சது, நல்ல நேரம் பொறந்தது. ஒரு வாய் சாப்பிட்டீங்கன்னா கையோட பேசி முடிச்சிருவோம். வருசக் கணக்கா ஒட்டிப் போகப் போறோம், இனி என்ன கூச்சம்?"

அவரே ஒரு துண்டைப் பிய்த்து அவன் வாயருகே கொண்டு வந்தார்.

கருத்தக்கண்ணனால் அதற்கு மேல் முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, என்னைய மன்னிச்சிருங்க. விரதமும் இல்ல, பல்வலியும் இல்ல. எனக்கு மைதா ஆகாது. கோதுமை, ரவை எதுவும் ஆகாது. ஒரு துண்டு தின்னாலும் மூணு நாளைக்கு எந்திரிக்க மாட்டேன். டாக்டர் ஆயுசுக்கும் கூடாதுன்னுட்டாரு. சோறு கஞ்சி சாப்பிட்டா யானை மாதிரி வேலை செய்வேன். எங்க அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. ஆனா இம்புட்டு நல்ல மனுசன ஏமாத்தி இந்தக் காரியத்த முடிக்க எனக்கு மனசு வரல. இனி ஒங்க முடிவு."

வெள்ளைச் சட்டைக்காரரின் கை அப்படியே நின்றது.

"மைதா... ஆகாதா?"

"ஆகாது மாமா."

"ஒரு வாய் கூடவா?"

"ஒரு வாய் கூட."

அவர் பரோட்டாத் துண்டைத் தட்டில் போட்டார். "வேணாம்னா வேணாம்னு காலையிலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானய்யா? அதுக்கு எதுக்கு நோவு, நொடி, முருகன், ஆடு? என்னையப் பாத்தா கேனப்பயலாத் தெரியுதா?" மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

"மாமா! நான் வேணாம்னு சொல்லவே இல்ல! எனக்குப் புடிச்சிருக்கு மாமா!" கருத்தக்கண்ணன் தெருவரை ஓடிக் கத்தினான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை, ஆயிரம் வெள்ளைச் சட்டைகளுக்குள் கலந்து மறைந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருந்தது. ஆனால் வயிற்றில் இருந்த பாரம் மட்டும் இறங்கியிருந்தது. உண்மையில் அது வெறும் பசியாகவும் இருக்கலாம்.

பக்கத்து மேஜைக்காரர் கையைக் கழுவிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தம்பிக்கு நாலு இட்லி வைப்பா" என்று குரல் கொடுத்தார். "சாம்பார் ஊத்தாத, பெருங்காயத்துல மாவு இருக்கும். தேங்காச் சட்னி மட்டும் வையி. இந்தப் பரோட்டாவ எடுத்துரு."

கருத்தக்கண்ணன் மறுக்கவில்லை. முதல் இட்லி தொண்டையைத் தாண்டியதும் அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. மூன்றாவதில்தான் பேச்சு வந்தது.

"ரொம்ப நன்றிங்கய்யா."

"இருக்கட்டும் தம்பி. வயித்துல இருக்கிறத மறைக்காமச் சொன்னீங்களே, அது பெரிசு. அந்த ஆளு கோவிச்சுக்கிட்டுப் போறாரே, ஒங்களுக்கு என்ன உறவு?"

"பொண்ணு குடுக்கிறதா இருந்தவருங்க. எனக்கு மாமனாரா வர வேண்டியவரு. போயிட்டாரு."

பெரியவர் தன் மஞ்சள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அவரு மைதா மில்லு ஏஜெண்டு தம்பி, கொட்டாம்பட்டியில புதுசாப் பரோட்டாக் கடை போடுறவரக் கூட்டிப் போக வந்தேன்னு காலையில பஸ் ஸ்டாண்டுல எனக்குப் பக்கத்துலதான் நின்னாரு, நான் டீ குடிக்கப் போன நேரத்துல ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு போல, பொண்ணு இருக்கிறது எனக்குத்தான் மாப்ள."