காக்கா ஓட்டிய டிரைவர் சிடி

தோல்வியை ஒப்புக்கொள்பவன் பெரிய மனிதன் என்பார்கள். எனக்குப் பெரிய மனிதனாகும் உத்தேசம் எப்போதுமே இருந்ததில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2007-ஆம் வருஷக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நான் தோற்கவில்லை. இருபத்தேழு நிமிடம் தாமதமாக ஜெயித்தேன். அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைப் போட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்த விண்டோசை வழித்து எறிந்திருந்தேன். (கூடவே அக்காவின் எம்.காம். புராஜெக்டும் போனது. அந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் கரண்டி பறக்கும்.)

அக்கா ஜெசிந்தாவுக்கு வரன் வந்திருந்தது. பாரிசுக்குப் பக்கத்தில் வேலை. பெரியப்பா கொண்டுவந்த சம்பந்தம். போட்டோ பார்த்தாயிற்று, பங்குச் சாமியாரிடம் விசாரித்தாயிற்று. அக்காதான் முரண்டு பிடித்தாள்.

"கட்டிக்கப் போறது நானு. ஒரு தடவையாவது அவருகிட்ட பேசணும். பேசாம சரின்னு சொல்ல மாட்டேன்."

"கீழ பெரியப்பா வூட்ல போன் இருக்குல்ல, பேசேன்" என்றார் அம்மா.

"ஹால்லயா? நீங்கல்லாம் சுத்தி உக்காந்து காது குடுக்க, நடுவுல நான் பேசணுமா?"

கடைசியில், ஞாயிறு மாலை நாலு மணிக்கு மாப்பிள்ளை இன்டர்நெட்டில் காத்திருப்பது என்று ஏற்பாடாயிற்று. அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை. அக்கா மாடியில் தன் அறையில் உட்கார்ந்து தனியாகப் பேசலாம். அன்றைக்கே பதில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள்.

இன்டர்நெட் இருந்தது கீழே, பெரியப்பா வீட்டில், வைஃபை மோடத்தோடு. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். ஒரு சுருள் ஒயரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இந்தா முசே, ஜன்னல் வழியா இழுத்துக்க. அஞ்சு நிமிஷ வேலை."

(முசே என்றால் பிரெஞ்சு மரியாதையில் ஐயா. பெரியப்பா என்னைச் சொல்லும்போது மட்டும் மரியாதை கழன்று விழுந்துவிடும்.)

"ஒயரு துணி காயப் போடத்தான் பெரியப்பா. நான் காத்துலயே வரவெக்கிறேன்" என்றேன்.

சனிக்கிழமை நேரு வீதியில் ஒரு கடைக்குப் போய், கட்டை விரல் அளவு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன்.

"சிடிய வுட்டுட்டுப் போறியே தம்பி, அதுலதான் இத வேல செய்ய வைக்கிற டிரைவர் இருக்குது" என்றார் கடைக்காரர்.

"அது விண்டோசுக்கு. நம்மளுது லினக்ஸ்."

"அது இன்னா கம்பெனி?"

"கம்பெனியே கிடையாதுண்ணே. அதான் விஷயமே."

அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்து, சிடியை என் சட்டைப் பையில் செருகி அனுப்பினார்.

வீட்டு மொட்டை மாடியில் அம்மா கூழ் வத்தல் ஊற்றிவிட்டு, காக்காய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "பளபளன்னு எதுனா இருந்தா கட்டித் தொங்க வுடலாம்" என்றார். நான் சட்டைப் பையிலிருந்து அந்த சிடியை உருவி, எதிரிநாட்டுக் கொடியை இறக்குகிற தோரணையில் நீட்டினேன். "இந்தாம்மா. நமக்கு இது தேவையே இல்ல." அம்மா நடு ஓட்டையில் சணல் கோத்துக் கொடிக்கயிற்றில் கட்டினார். சிடி வெயிலில் சுழன்றது. காக்காய்கள் எட்டிப் போயின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலைப் பூசைக்குக்கூடப் போகாமல் அடாப்டரைச் செருகினேன். அதில் ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. பிடுங்கிச் செருகினேன். ஊதிச் செருகினேன். சிலுவை போட்டுச் செருகினேன். நெட் வர ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராம் நெட்டில்தான் இருக்கிறது. பென் டிரைவோடு தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு சைக்கிளை மிதித்தேன். எடுத்து வந்த புரோகிராம் இன்னொரு புரோகிராம் கேட்டது. அது மூன்றாவதைக் கேட்டது. நாலாவது தடவை போனபோது சென்டர்காரர் சொன்னார்:

"பேசாம கம்ப்யூட்டரத் தூக்கினு இங்கயே குடி வந்துடேன்யா."

அப்போதுதான், முகம் தெரியாத ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். இந்த அடாப்டருக்கு லினக்ஸில் டிரைவர் கிடையாது. கூட வரும் சிடியிலிருக்கும் விண்டோஸ் டிரைவரை எடுத்து, அதன்மேல் ஒரு புரோகிராமைப் போர்வைபோலப் போர்த்தி லினக்ஸை ஏமாற்ற வேண்டும். அந்தப் போர்வையைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டேன். டிரைவரையும் நெட்டிலேயே தேடலாம் என்று விரலை வைத்தேன். மணி ஒன்று. சென்டர் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. புதுச்சேரியில் மதியத் தூக்கத்தைக் கெடுக்கும் துணிச்சல் எவனுக்கும் கிடையாது.

மாடிக்கு ஓடினேன். சிடி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அரையடி தள்ளி, அதே கொடிக்கயிற்றில் ஒரு காக்கா உட்கார்ந்து, சிடியில் தன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிடி முழுக்கக் கூழ், கீறல், அப்புறம் காக்கா தன் பங்குக்கு வைத்துவிட்டுப் போன ஒன்று.

"தேவையில்லன்னியேடா?" என்றார் அம்மா.

"இப்போ தேவைப்படுது."

"அப்ப வத்தலுக்கு யாரு காவல்? நீ வந்து நில்லு."

சிடியைக் கழுவிப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். டிரைவுக்குள் போட்டால் கிரைண்டரில் கல் விழுந்த மாதிரி சத்தம். எடுத்தேன், தேய்த்தேன், போட்டேன். பக்கத்தில் அக்கா பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். (குரல் மட்டும்தான் போகும், முகம் போகாது என்று மூன்று முறை சொல்லியிருந்தேன்.) மூன்றரை மணிக்கு அவள் குரல் இறங்கிவிட்டது.

"டேய், அவரு நான் வேணும்னே வரலன்னு நெனச்சிப்பாருடா."

"அஞ்சே நிமிஷம்க்கா."

"காலையிலேருந்து அதே அஞ்சு நிமிஷம்தான் சொல்ற."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் அழுதுகொண்டிருந்தது தெரிந்திருக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

நாலு மணி அடித்தது. பதினேழாவது தேய்ப்பில் சிடி மனமிரங்கியது. இரண்டே இரண்டு ஃபைல்; காப்பி செய்தேன். போர்வை போர்த்தினேன். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினேன், தப்பாகத் தட்டினேன், திருத்தித் தட்டினேன். நாலு இருபத்தேழுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. நெட் காற்றிலேயே வந்தது!

"அக்கா!" என்று திரும்பினேன். நாற்காலி காலி. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகக் குதித்து, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று தெரு அதிரக் கத்திக்கொண்டு பெரியப்பா ஹாலுக்குள் பாய்ந்தேன்.

"உஷ்!" என்றது மொத்தக் குடும்பமும். "அக்கா பேசிக்கினு இருக்கா!"

ஹாலிலிருந்து ஒரு நீள ஒயர் தரையோடு ஊர்ந்து, சமையலறையைத் தாண்டி, சாத்தியிருந்த ஸ்டோர் ரூம் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. இன்டர்நெட்டில் ஆளைக் காணாமல் மாப்பிள்ளையே பெரியப்பா வீட்டுக்குப் போன் அடித்திருக்கிறார். பெரியப்பா போனுக்கு ஒயர் சேர்த்து நீட்டி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அக்காவுக்குத் தனி அறை அமைத்துக் கொடுத்துவிட்டார்.

"வுவாலா முசே, இதோ பாரு!" என்று அந்த ஒயரைக் காட்டினார். "ஒங்க காத்து சௌக்கியமா?"

அரை மணி கழித்து அக்கா வெளியே வந்தாள். பட்டுப்புடவையெல்லாம் மாவு.

"சரின்னு சொல்லிட்டேன்."

"அதுக்குள்ளயா?" என்றார் அம்மா.

"இவன் கத்துனது அவருக்குக் கேட்டுச்சு. வீட்ல எதுனா ஆபத்தான்னு பதறிப் போய்ட்டாரு. காக்காவுலேருந்து பற்பசை வரைக்கும் எல்லாத்தயும் சொன்னேன். சிரிச்சாரு பாரு, நிறுத்தவே இல்ல. அப்புறம் 'பாவம், அவருக்கு வந்துடுச்சா இல்லையா?'ன்னு கேட்டாரு. இவனுக்காகப் பாவப்படுற மனுஷன் இன்னொருத்தரு கெடைக்க மாட்டாரு."

கல்யாணத்தில் அத்தான் எனக்கு மோதிரம் போடவில்லை. சணல் கோத்த சிடி ஒன்றைக் கழுத்தில் மாட்டினார். இன்றும் பிரான்சிலிருந்து போன் செய்தால் ஹலோ கிடையாது. "வந்துடுச்சா?" என்பார். அக்காவின் பிள்ளைகள் இரண்டுக்கும் தமிழில் சுத்தமாக வரும் ஒரே வார்த்தை அதுதான்.

நான் அசரவில்லை. இந்தக் கட்டுரையையும் லினக்ஸில்தான் அடிக்கிறேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

வந்துடுச்சு அத்தான். அன்றைக்கே வந்துடுச்சு. பார்க்கத்தான் அங்கே ஒரு ஆள் இல்லை.