பெரியவர் எழுந்திருக்காத விருந்தும் அத்தானின் கோட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் மகளும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது போன வாரம் நீங்கள் என்னை நம்பி இரவல் கொடுத்த கருப்புக் கோட்டு. "என் கல்யாணத்துக்குப் போட்டது, பத்திரம்" என்று சொல்லி நீங்கள் அதை மடித்துக் கொடுத்தபோது, என் உயிரைப் போலப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். என் உயிரும் நேற்று பாதி போய்த்தான் திரும்பியது என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். கோபப்படாமல் கடைசி வரை படிக்க வேண்டும். அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

சட்டம் படித்து முடித்துவிட்டால் மட்டும் இந்த ஊர்க் கோர்ட்டில் வாதாடிவிட முடியாது, அத்தான். வழக்கறிஞர் சங்கத்தில் சேர வேண்டும். சேர வேண்டுமானால், வருடத்துக்கு ஒரு முறை சங்கத்தின் பழைய மண்டபத்தில் நடக்கும் பகல் விருந்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சங்கத்திலேயே மூத்தவர், பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர் முதலில் எழுந்து நின்று "சேர்த்துக்கொண்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் வேறு யார் எழுந்தாலும், அது வக்கீலாக இருந்தாலும் சரி, வக்கீலின் மாமாவாக இருந்தாலும் சரி, விருந்து செல்லாது. புதியவர்கள் அடுத்த வருடம் வந்து மறுபடி முதலிலிருந்து சாப்பிட வேண்டும். போன வருடம் அப்படித்தான் ஆயிற்று. யாருடைய சித்தப்பாவோ கீழே விழுந்த கரண்டியை எடுக்க எழுந்தார். அந்தக் கரண்டியால் என் மகளுக்கு ஒரு வருடம் போயிற்று. படித்த படிப்பை வைத்துக்கொண்டு அடுத்தவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வருடமோ திங்கட்கிழமை காலையில் அவளுக்கு முதல் வழக்கு காத்திருக்கிறது. ஒரு தையல்காரம்மாவைக் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டிடச் சொந்தக்காரர் போட்ட வழக்கு. வேறு வக்கீல் பார்க்கலாம் என்று ஆயிரம் பேர் சொல்லியும், "இந்தப் பொண்ணு பேசினாத்தான் எனக்குத் தைரியம்" என்று அந்த அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். சனிக்கிழமை விருந்து கெட்டால் திங்கட்கிழமை அவருக்குப் பேச ஆள் கிடையாது.

இந்த நிலைமையில் வீட்டில் எல்லோருக்கும் பெரிய பயம் என் குரல்தான். அதே கோர்ட்டில் காலமெல்லாம் நான் கூப்பிடுகிற வேலை பார்த்தவன் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி உள்ளே வரும்போது "அமைதீ! நீதிபதி வருகிறார்!" என்று நான் குரல் கொடுத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். கட்சிக்காரர் தெருக்கோடி டீக்கடையில் இருந்தாலும் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வருவார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. வீட்டில் பூனையைக் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரர் வந்து என்ன என்று கேட்கிறார். அதனால் விருந்துக்குக் கிளம்பும்போதே என் மனைவி, "இன்னைக்கு நீங்க வாயே திறக்கக் கூடாது. தண்ணி வேணும்னாக்கூட என் கையைக் கிள்ளுங்க, போதும்" என்று சொல்லிவிட்டாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மகளும் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "அப்பா, ப்ளீஸ். உங்க குரல் மட்டும் அங்க வேண்டாம்பா" என்றாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கூப்பிடுகிறவர் மகள் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிறாளோ என்று நினைத்தேன். உங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மண்டபத்துக்குள் விடுவதற்கு முன்னால் சங்கச் செயலாளர் எங்களுக்கெல்லாம் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டினார். நீங்கள் சொந்தக் கையால் வீடு கட்டியவர் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். அந்த இடம் ஆதியில் தானியக் கிடங்காம். கோர்ட்டுக்கு வெளியே நிற்க நிழல் இல்லாத காலத்தில், மழைக்கு நாலைந்து வக்கீல்கள் அதற்குள் ஒதுங்கியிருக்கிறார்கள். மழை விட்டதும் கிடங்குக்காரர் கிளம்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். "எந்தச் சட்டப்படி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதோடு அந்த மனிதரின் நிம்மதி முடிந்தது. அவர் வழக்குப் போட்டார், இவர்கள் வாதாடினார்கள், அவர் மகன் காலத்திலும் வாதாடினார்கள், கடைசியில் பேரன் வந்து ஆளை விட்டால் போதும் என்று கிடங்கையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்தப் பேரன் படத்தை மண்டபத்தில் நிறுவனர் என்று மாட்டி வைத்திருக்கிறார்கள். முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு வந்தவர்கள் மாடி கட்டியபோது, வாதியின் வக்கீலும் பிரதிவாதியின் வக்கீலும் ஒரே படியில் ஏறக்கூடாது என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மாடிப்படி வைத்தார்கள். இரண்டும் மேலே போய் ஒரே டீ மேசையில்தான் முடிகின்றன. மணிக்கூண்டுக்குக் கடிகாரம் வேண்டும் என்று பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர். சமரசமாகக் கடிகாரம் வைத்து, முள் மட்டும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். மண்டபத்துக் கூரை ஒழுகுகிறது. அதைப் பழுது பார்ப்பதா, முதலில் ஒழுகுவதை நிரூபிப்பதா என்று இரண்டு குழுக்கள் வேலை செய்கின்றன. அதுவரைக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி. "இந்த வாளி எனக்கு சீனியர்" என்றார் செயலாளர். சிரிக்காமல்தான் சொன்னார்.

எனக்குப் போட்ட இடம் அந்த சீனியருக்குப் பக்கத்தில். வெளியே நல்ல மழை. சொட்டுகளில் பாதி வாளிக்குள் விழுந்தன, மீதி உங்கள் கோட்டின் இடது தோளில் விழுந்தன. எழுந்து நாற்காலியை நகர்த்த முடியாதே. நான் கையைக் கிள்ளினேன். மனைவி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். எனக்குத் தண்ணீருக்கா குறைச்சல்? சூப் வந்தது, கோழி வந்தது, உருளைக்கிழங்கு வந்தது. பரிமாறியவர்கள் எல்லாவற்றையும் வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், பெரியவர் எழுந்த பிறகுதான் திறக்க வேண்டுமாம். பெரியவர் தூரத்தில், மேடை மேல், தனி மேசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கிழங்கு சாப்பிட்டார். வாயைத் துடைத்தார். கண்ணை மூடினார்.

மூடியவர் திறக்கவில்லை, அத்தான். முதலில் எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு மரியாதையாக இருமினார்கள். பிறகு செயலாளர் "ஐயா" என்றார், பக்கத்து மேசை "ஐயா, ஐயா" என்றது, மண்டபமே சேர்ந்து "ஐயா" என்றது. அவர் மார்பு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது, அதனால் பெரிய பயம் ஒன்று நீங்கியது. மற்றபடி அசைவில்லை. வக்கீல்களிடம் ஒரு பிரச்சினையைக் கொடுத்து வெளியேயும் போக விடாமல் வைத்தால் என்ன நடக்கும் என்று நேற்றுத்தான் பார்த்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் எதிரில் இருந்த குண்டு வக்கீல், "தவழ்ந்து போய் எழுப்பலாமே, தவழ்றது எழுந்து நிற்கிறது ஆகாதே" என்றார். "தவழ்ந்து போயிட்டு மறுபடி நாற்காலியில எப்படி உட்காருவீங்க?" என்று ஒருவர் மடக்கினார். தவழ்ந்தவர் விருந்து முடியும் வரை தரையிலேயே இருக்கலாமா என்று மூன்றாவது ஆள் கேட்டார். ஒருவர் பொறுமை இழந்து ரொட்டித் துண்டை எறிந்தார். அது பெரியவரைத் தாண்டி நிறுவனர் படத்தின் மூக்கில் பட்டது. உடனே நிறுவனரிடம் வருத்தம் தெரிவிக்க ஒரு தீர்மானம், அதற்கு ஒரு திருத்தம். வெளியே இருட்டத் தொடங்கியது. என் மகளைப் பார்த்தேன். புதியவர்கள் வரிசையில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. போன வருடக் கரண்டி அவள் கண்ணுக்குள் தெரிந்தது. எனக்கு அந்த மண்டபத்தையே தூக்கி வெளியே எறியலாம் போல இருந்தது.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். அத்தனை சத்தத்துக்கு நடுவில் தெளிவாகச் சொன்னாள்: "அப்பா, நீங்க கூப்பிடுங்க."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "ஐயாவுக்கு அறுபது வருஷமா கோர்ட்டுப் பழக்கம். அப்பா குரல் கொடுத்தா, தூக்கத்திலகூட எழுந்து நிப்பார்" என்றாள். நான், "நீதானேம்மா குரல் வேண்டாம்னு சொன்ன?" என்றேன். "ஐயோ அப்பா, உங்க குரலைக் கேட்டா நானே எழுந்துடுவேன்பா! நான் எழுந்துட்டா எல்லாம் போச்சே, அதுக்குத்தான் சொன்னேன்" என்றாள். அத்தான், அந்த நேரத்தில் என் தோளில் சொட்டிய தண்ணீர்கூட எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

ஆனால் எனக்கென்று ஒரு ஒழுக்கம் உண்டு. வராத நீதிபதியை வருகிறார் என்று நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். குண்டு வக்கீல், "எப்ப வர்றார்னு நீங்க சொல்லலையே. என்னைக்காவது ஒரு நாள் வருவார்ல?" என்றார். இத்தனை வருடம் இவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்த சிக்கல், என் குரலுக்கு மற்ற வக்கீல்களும் எழுந்துவிடுவார்களே. "எல்லாரும் நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க! யாரும் பேசாதீங்க!" என்று செயலாளர் உத்தரவு போட்டார். அத்தனை பேரும் வாயை மூடி, மூச்சைப் பிடித்து, நாற்காலியைப் பற்றிக்கொண்டார்கள். மகள் கால்களை நாற்காலிக் காலில் பின்னிக்கொண்டாள். கடைசிச் சிக்கல் நான். வாழ்க்கையில் ஒரு தடவைகூட நான் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டதில்லை. குரல் வந்தால் உடம்பும் கூடவே எழும். இது தெரிந்தவள் என் மனைவி மட்டும்தான். அவள் உங்கள் கோட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து நாற்காலியோடு அழுத்திக்கொண்டாள்.

"அமைதீ! நீதிபதி வருகிறார்!"

நிறுவனர் படம் ஆடியது. வக்கீல்கள் எல்லோரும் பாதி எழுந்தும் எழாமலும், ஒருவரை ஒருவர் அமுக்கிக்கொண்டார்கள். என் உடம்பு மேலே போனது. மனைவி கீழே இழுத்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது உங்கள் கோட்டு. கழுத்திலிருந்து கடைசி வரை அது இரண்டானபோது வந்த சத்தம் என் குரலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் நான் எழவில்லை, அத்தான். அவள் பிடி அப்படி. அதே நேரத்தில் மேடையில் பெரியவர் கண்ணைத் திறந்தார். நிமிர்ந்து எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். "சேர்த்துக்கொண்டோம்" என்றார்.

மகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கிழிந்த இடம் வழியாக அவள் கை உள்ளேயே போய்விட்டது. இதுதான் நடந்தது. கோட்டு ஒரு வக்கீலை உருவாக்கி உயிரை விட்டது என்று நினைத்துப் பெருமைப்படுங்கள். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், என் குரல் இல்லையென்றால் இன்றைக்கும் அவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொரு கோட்டைப் பலி கொடுக்க அந்தக் கட்டிடத்துக்குள் இனி நான் காலெடுத்து வைக்கப் போவதும் இல்லை.

அக்காவுக்கு என் அன்பு. மூட்டு வலிக்குத் தைலம் அனுப்புகிறேன் என்று சொல்லவும். நீங்கள் நூறு வயது நிறைவாக இருந்து இது போன்ற கடிதங்களைப் பொறுமையாகப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோட்டு விஷயத்தில் தலைகுனிந்தும் மற்ற விஷயங்களில் தலைநிமிர்ந்தும் இருக்கும்
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. மேலே எழுதியதில் கொஞ்சம் மாற்றம். மகள் முதல் வழக்கில் எழுந்து பேசினாள். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது, தையல்காரம்மா இப்போதைக்குக் கடையில்தான் இருப்பார். கோட்டையும் இலவசமாகத் தைத்துத் தருகிறேன் என்று வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைத் தைக்கிறதுக்குப் புதுசே தைச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார். வழக்கைப் பார்க்கப் பெரியவரும் வந்திருந்தார். நான் போய், "ஐயா, சனிக்கிழமை என் குரல் ரொம்பச் சத்தமா இருந்திருந்தா மன்னிக்கணும்" என்றேன். அவர் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துவிட்டு, "என்ன சொன்னீங்க?" என்றார். அவர் தூங்கவே இல்லையாம். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மூத்தவர் எழுந்தால் அவமரியாதை, எல்லோரும் வாயை மூடிய பிறகுதான் எழ வேண்டும் என்று அவருக்கு முன்னால் இருந்த பெரியவர் சொல்லிக் கொடுத்தாராம். "வருஷா வருஷம் பஞ்சை வச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக் காத்திருப்பேன். மத்த வருஷம் சீக்கிரம் ஓய்ஞ்சிடுவாங்க, இந்தத் தடவை ஓரக்கண்ணால எப்பப் பார்த்தாலும் வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கடைசியா ஒரு தடவை கண்ணைத் திறந்தா ஒருத்தர் வாயும் அசையல. அப்பாடான்னு எழுந்தேன். உங்க குரலா? எனக்குக் கேக்கலையே" என்றார்.

பக்கத்தில் இருந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குக் கேக்கலைன்னா என்னப்பா, எனக்குக் கேட்டுச்சே" என்றாள். அது போதும் அத்தான், எனக்கு. இந்தப் பஞ்சு விஷயம் சங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிவிட வேண்டாம். ஏனென்றால், இனி ஒவ்வொரு வருடமும் விருந்தில் வந்து குரல் கொடுக்க வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோட்டு இருப்பதாக அக்கா ஒரு தடவை சொன்ன ஞாபகம்.