தொட்டதற்குக் காசு

“மீன் தலையா? அந்தப் பக்கம் நாங்க திரும்பிக்கூடப் பாக்கல” என்றாள் சுமர்னி.

கல்லாவில் இருந்த எர்னா பில்லை அவள் பக்கம் நகர்த்தினாள். மீன் தலைக் குழம்பு, மாட்டுக்கறி ரெண்டாங் இரண்டு, மூளைக் கறி, வறுத்த கோழி.

மேடான் நகரில் எந்தப் படாங் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் இப்படித்தான். கேட்காமலே எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிவிடுவார்கள். தொட்டதற்கு மட்டும் காசு. சுமர்னியும் அவள் கணவன் துகிரானும் சோற்றையும் ஒரே ஒரு முட்டையையும் தவிர எதையும் தொடவில்லை. கையில் இருந்தது சியந்தார் போகிற பஸ் காசு. சாயங்காலம் அங்கே சுமர்னியின் தங்கைக்குக் கல்யாணம். பஸ் எதிரே நின்று உறுமிக்கொண்டிருந்தது.

“அந்த முட்டையே ரப்பர் மாதிரி இருந்துச்சு. அதுக்கு இவ்வளவா?”

“எண்ணி எழுதினது சர்வர் ஜம்ரி. தொழப் போயிருக்கான். அவன் வராம நான் மாத்த முடியாது.”

“பஸ் போயிடுமேக்கா.”

“அப்போ கட்டிட்டுக் கிளம்புங்க.”

துகிரான் குறுக்கிட்டான். “வந்து பாருங்க, எல்லாம் வச்ச மாதிரியே இருக்கு.”

எர்னா எட்டிப் பார்த்தாள். “மூளைக் கறியில கரண்டி கிடக்கே.”

“எல்லாத்துலயும்தான் கிடக்கு.”

“அப்போ எல்லாத்தையும் சேத்துரவா?”

சுமர்னி பஸ் காசை எடுத்துக் கட்டினாள்.

“டிக்கெட் காசை அங்க போய் மாப்பிள்ளை வீட்டுல வாங்கித் தரோம்” என்று கண்டக்டரிடம் கெஞ்சினாள்.

“மாப்பிள்ளை எனக்கு எந்த வகையில சொந்தம்?” என்றான் கண்டக்டர். பஸ் போய்விட்டது.

சுமர்னி திரும்பிக் கடைக்குள் வந்து அதே மேசையில் உட்கார்ந்தாள்.

“சாப்பிடுங்க.”

“வயிறு அடைச்சுக் கிடக்கு சுமர்னி.”

“நம்ம காசுங்க. ஒரு எலும்பைக்கூட இவங்களுக்கு விடக் கூடாது.”

ரெண்டாங் செருப்புத் தோலாக இருந்தது. மூளைக் கறியில் உப்பே இல்லை. மீன் தலை ஆறிப்போய் இருவரையும் முறைத்தது. துகிரான் கண்ணை மூடிக்கொண்டு அதன் கண்ணைத் தின்றான். பில்லைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தின்று முடித்தார்கள். பில்லில் இல்லாத எதன்மீதும் கை வைக்கவில்லை.

கடைசிக் கோழி எலும்பைச் சுமர்னி கீழே வைத்தபோது ஜம்ரி மூச்சு வாங்க ஓடி வந்தான். கல்லாவுக்குள் கைவிட்டு ஒரு கட்டு நோட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தான். காலித் தட்டுகளைப் பார்த்தான். பில்லைப் பார்த்தான். மறுபடியும் தட்டுகளை எண்ணினான். பிறகு நோட்டுகளை நிதானமாகக் கல்லாவிலேயே திரும்ப வைத்தான்.

“தப்பா நினைக்காதீங்கக்கா, பக்கத்து மேசை பில்லை உங்களுக்குக் குடுத்துட்டேன்னு தொழும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, நல்லவேளை, இப்ப கணக்கு சரியாயிடுச்சு.”