மூணுதரம் அங்கிளின் தாடை

மைக் இல்லாமல் ஒரு பூசணிக்காயை ஏலத்தில் விற்றுக் காட்டக்கூடிய மனிதர் பெங்களூரிலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் மூணுதரம் அங்கிள். யாருக்காவது சந்தேகம் இருந்தால் பந்தயம் கட்டத் தயார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கும். அது யாருக்கும் ஞாபகமில்லை. எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஜனங்கள் படைக்கும் காய், கேக், கோழி எல்லாவற்றையும் ஏலம் விடுவது அவர்தான். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மூணு தரம்!" என்று அவர் போடும் சத்தத்தில் ஏலத்துக்கு வந்த சேவலே மிரண்டுபோகும். அந்த மூன்றாவது தரத்தை வேறு யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் விற்பனை செல்லாது. பாஸ்டர் ஒருமுறை ஆசையாக வாயெடுத்தார். அங்கிள் பார்த்த பார்வையில் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தாடை மூட்டில் வலி வந்தது. வாயைத் திறந்தால் காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். அவர் இட்லி மென்றால் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்கும். காதில்தான் கோளாறு என்று அவரே முடிவுகட்டி, மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டார். காது நன்றாகத்தான் இருந்தது. தாடைதான் சரியாகவில்லை.

அந்த வருஷப் பண்டிகையில் இருப்பதிலேயே பெரிய பூசணிக்காய் மேஜைக்கு வந்தது. அங்கிளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ரெண்டு தரம்!" என்று முழங்கிவிட்டு, மூன்றாவதற்கு மூச்சிழுக்க வாயை முழுசாகப் பிளந்தார். பிளந்த வாய் மூடவில்லை. தாடை அப்படியே பூட்டிக்கொண்டது.

கூட்டம் அதை வழக்கமான இழுப்பு என்று நினைத்தது. "இன்னும் வேணும்ங்கறார்பா!" என்று ஒருவர் விலையை ஏற்றினார். இன்னொருவர் அதற்கு மேல் போனார். அங்கிள் இரண்டு கையையும் ஆட்டி 'காப்பாற்றுங்கள்' என்றார். விலையை இன்னும் ஏற்றச் சொல்கிறார் என்று பின்வரிசை புரிந்துகொண்டது. ஏலத்தை முடிக்க வேண்டியவரோ அவர் ஒருவர்தான். பூசணிக்காயின் விலை பழைய ஸ்கூட்டர் விலையை நெருங்கியபோது அவர் கண்ணில் நீர் வழிந்தது. முன்வரிசையில் இருந்த நர்ஸ் அக்கா பாய்ந்து வந்து, கட்டைவிரல்களை வாய்க்குள் விட்டு, தாடையைக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளி உட்காரவைத்தார்.

வாய் மூடியதும் அங்கிள் சொன்ன முதல் வார்த்தை, "மூணு தரம்." கடைசியாகக் கை தூக்கியிருந்த முட்டாள் நான்தான்.

கமிட்டிக்காரர்கள் நயமாக ஆரம்பித்தார்கள். "அடுத்த வருஷம் வேற யாரையாச்சும் ஏலம் விடச் சொல்லலாம் அங்கிள். நீங்க ரெஸ்ட் எடுங்க."

"சும்னே இரு மேன். தாடைதான் கழண்டுச்சு, நான் கழண்டுக்கல."

மறுநாளே பல் டாக்டரம்மாவிடம் போனார். "முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். நான் சொல்றபடி நடந்தா கன்ட்ரோல்ல வெச்சுக்கலாம். ஆனா கத்தக் கூடாது" என்றார் அவர். அன்றிலிருந்து அங்கிள் வைத்தியத்தைப் பட்டாள டிரில்லாக மாற்றிவிட்டார். தூங்கும்போது பல்லுக்கு பிளேட். காலையில் வெந்நீர்ப் பையைத் தாடையோடு மஃப்ளரில் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போவார். எதுவானாலும் குழைய வேகவேண்டும். கிறிஸ்துமஸ் பிரியாணியைக்கூட மிக்ஸியில் போடச் சொன்னார். ஆன்ட்டி அழாத குறை. கொட்டாவி வந்தால் முஷ்டியை மோவாயில் முட்டுக்கொடுக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பிரசங்கம் முழுக்க அவர் முஷ்டியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து பாஸ்டர் மனம் நொந்து, பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டார். சபையே அங்கிளுக்கு நன்றி சொன்னது.

"கல்யாணம் ஆனதுலேருந்து இந்த வீடு இவ்ளோ அமைதியா இருந்ததில்ல" என்றார் ஆன்ட்டி. சொல்லிவிட்டு அவரே வருத்தப்பட்டார்.

சில நாள் வலி அதிகமாகி, வாய் ஸ்பூன் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்காது. அப்போதும் கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, மெல்லத் திறந்து மெல்ல மூடிப் பழகுவார். "எப்படி இருக்கு அங்கிள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வலி இருக்குது. அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் பாட்டுக்கு இருக்கேன். மூணாவது தரத்த மட்டும் அதுக்கு விட்டுக்குடுக்க மாட்டேன் மேன்."

அடுத்த பண்டிகையும் வந்தது. கமிட்டி மேஜையில் மைக் வைத்திருந்தது. அங்கிள் அதை எடுத்து சேவல் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார். பூசணிக்காயைத் தொட்டுக்கொண்டு, ரகசியம் சொல்வதுபோல், "ஒரு தரம்" என்றார். முன்வரிசை "உஷ்" என்றது. பின்வரிசை எழுந்து முன்னால் வந்தது. குழந்தைகளின் வாயை அம்மாக்கள் பொத்தினார்கள். "ரெண்டு தரம்."

முஷ்டி மோவாய்க்குப் போனது. 'டக்' என்று ஒரு சத்தம், எல்லோருக்கும் கேட்டது. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். யாரும் விலை ஏற்றவில்லை, இருமவுமில்லை.

"மூணு தரம்" என்றார் அங்கிள், மெதுவாக.

எங்கள் வீட்டில் யாரும் பூசணிக்காயைத் தொடமாட்டார்கள். ஆனாலும் அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, கடைசியாகக் கை தூக்குவது நான்தான்.