ரேடியோ அறைக்கு வந்த இங்கிலீஷ் வார்த்தை

நான் சொல்வதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிரட்டும்! அதை எடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

என் மனைவி தையல்காரி. கூடத்து மூலையில் ஒரே மிஷினை வைத்துக்கொண்டு தெருவுக்கே சட்டை தைக்கிறாள். நான் ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக். வீட்டில் இருந்த ஒரே தனி அறை என் பழைய ரேடியோக்களுக்கு. பாடுபவை பாதி, பாடப்போகிறவை மீதி. ஒருமுறை பாடுபவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாடவிட்டேன். மேலே போன விமானம் இறங்கி வந்து விசாரித்துவிட்டுப் போனது.

இன்னொரு மிஷின் வாங்கப்போவதாக அவள் ஒருநாள் சொன்னாள். மிஷின் வந்தால் அறை போகும். அறை போனால் நான் எங்கே போவேன்?

எதிர்வீட்டு இங்கிலீஷ் வாத்தியாரிடம் ஓடினேன்.

"வீண்செலவு பண்றவங்களைச் சொல்ல ஒரு வார்த்தை கொடுங்க சார். கேட்டதும் ஆள் ஒடுங்கிடணும்."

"ப்ராஃப்ளிகேட். ஆளையும் சொல்லலாம், செலவையும் சொல்லலாம். ஆனா தாராளமாச் செலவழிக்கிறவங்களை எல்லாம் சொல்லிடாதீங்க. கண்ணுமண்ணு தெரியாம வாரி இறைக்கணும், துளி உறுத்தலும் இருக்கக் கூடாது. அப்பத்தான் பொருந்தும்."

சிந்தாமல் வாயில் அடக்கிக்கொண்டு வீடு வந்தேன்.

"நீ ஒரு ப்ராஃப்ளிகேட்!"

"அடடே, அப்படின்னா?" ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"ஊதாரி. கண்டதுக்கும் வாரி இறைக்கிறவ."

"காசை மட்டுமாங்க?"

"காசென்ன, கரண்டு, நேரம், இடம், எதை வீணாக்கினாலும் அதான்!" வாத்தியார் சொல்லாததையும் சேர்த்துக்கொண்டேன். அவ்வளவு உற்சாகம்.

"எவ்ளோ அழகா விளக்குறீங்க! ஒரு உதாரணம் சொல்லுங்களேன்."

"ஒண்டிக்கட்டைக்கு ஒம்பது அறை வீடு. ப்ராஃப்ளிகேட்!"

"யாரும் கேக்காத ரேடியோவுக்கு ஒரு அறை?"

"சந்தேகமே இல்லாம ப்ராஃப்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். மீதியை அவளே முடித்தாள். உச்சரிப்பு வாத்தியாரைவிடச் சுத்தம்.

மறைப்பானேன், மனசுக்குள் கைதட்டினேன். என் விரலாலேயே என் கண்ணைக் குத்திவிட்டாள். அதிலும் எவ்வளவு நேர்த்தி!

ரேடியோக்கள் பரண் ஏறின. மிஷின் வந்தது. வந்த மறுநாளே மக்கர் பண்ணியது. "உங்களை விட்டா யாருங்க இருக்கா?" என்றாள். உச்சி குளிர்ந்துபோய்க் கழற்றி மாட்டி ஓடவிட்டேன். "இந்தக் கை சும்மா இருக்கலாமா?" என்று ஒரு டப்பா பட்டனை என் பக்கம் தள்ளினாள்.

இப்போது என் அறையிலேயே அவளுக்குப் பட்டன் தைக்கிறேன். நேற்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்: "கூலி ஏதாவது உண்டாம்மா?"

தலை நிமிராமல் சொன்னாள்: "கட்டின புருஷனுக்குக் கூலியா? ப்ராஃப்ளிகேட்!"

இதையெல்லாம் யார் சொன்னது என்று அவள் கேட்டால், உங்களுக்குத் தெரியாது. எனக்குப் பட்டனுக்கு ஓட்டை போட்டுக் காஜா எடுக்கவும் தெரியும் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.