யூஃபி அத்தையின் அலமாரி

கப்பல் முதல் சங்கு ஊதியபோது ஆல்ரிக்கின் வேன் இன்னும் மலையைவிட்டே இறங்கவில்லை.

"அது எங்க கப்பலா?" என்று பின் சீட்டிலிருந்து சுற்றுலாப் பயணி ஹாப்டே கேட்டார்.

"உங்க கப்பல்தான் சார். சும்மா ஊதிப் பாக்குறாங்க. கிளம்ப அஞ்சு மணி ஆகும்."

"இப்பவே நாலு ஆயிடுச்சே," என்றாள் அவர் மனைவி, அருவியில் நனைந்த தொப்பியைப் பிழிந்தபடி.

ஆல்ரிக் வேகத்தைக் கூட்டினான். "என் வண்டியில ஏறினவங்க கப்பலைத் தவறவிட்டதா சரித்திரமே இல்ல" என்று காலையில் கப்பலடியில் எல்லா டிரைவர்களும் கேட்க மார்தட்டித்தான், இந்த இருவரையும் இன்னொரு டிரைவர் க்ளைட்டஸின் கையிலிருந்து கொத்திக்கொண்டு வந்திருந்தான். ஒரு பயணியைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பல் போனால் போதும், டிரைவர் சங்கத்துக்காரர்கள் அந்த டிரைவரின் பேட்ஜைப் பிடுங்கிவிடுவார்கள். பேட்ஜ் இல்லாதவன் கப்பலடியில் கால் வைக்க முடியாது. ஆல்ரிக்குக்கோ வேறு தொழில் தெரியாது.

பெரிய ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம் நெரியும் என்று குறுக்குவழியில் திருப்பினான். அந்தக் குறுக்குவழி யூஃபி அத்தையின் வீட்டு வாசல் வழியாகப் போகிறது என்பதை அவசரத்தில் மறந்துவிட்டான். எங்கள் தீவில் சொந்தக்காரன் வண்டியைப் பார்த்தால் யாரும் கை காட்டுவதில்லை. நடுரோட்டில் நின்றுவிடுவோம். அத்தை நின்றாள். அவள் பக்கத்தில் ஆளுயர அலமாரி ஒன்றும் நின்றது.

"அத்தை, வழி விடுங்க. கப்பலுக்கு நேரமாச்சு."

"வணக்கம் சொல்ல நேரமில்ல, கப்பலுக்கு மட்டும் நேரமிருக்கோ?"

தப்புதான். எங்கள் ஊரில் வணக்கம் சொல்லாமல் பேச்சை ஆரம்பிப்பவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஆல்ரிக் இறங்கி வந்து வணக்கம் சொன்னான். "உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு வாய் இல்லையா?" என்றாள் அத்தை. ஹாப்டே தம்பதி எழுந்து, வேன் கூரையில் தலையை இடித்துக்கொண்டு வணக்கம் சொன்னார்கள்.

"தங்கமான ஜனங்க. சரி, இந்த அலமாரியை டவுன்ல என் மக வீட்டுல இறக்கிடு."

"நாளைக்குக் காலையில முதல் வேலையா வரேன் அத்தை."

"நீ பிறந்தப்ப உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு? நாளைக்கு வரேன்னா சொன்னேன்?"

இந்தக் கதை ஆரம்பித்தால் இருட்டும்வரை முடியாது. அதற்கு அலமாரியைத் தூக்கிக் கட்டிவிடுவதே மேல் என்று ஆல்ரிக் கணக்குப் போட்டான். கூரைமேல் ஏற்றிக் கயிற்றால் இறுக்கினான். அத்தை ஒரு கூடை ஈரப்பலாக்காயோடு ஹாப்டே தம்பதிக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.

அப்புறம் வேன் பறந்தது. கீழே எங்கள் டவுன் செயின்ட் ஜார்ஜஸின் சிவப்புக் கூரைகளும் துறைமுகமும் தெரிந்தன. வெள்ளைக் கப்பலும் அங்கேயே நின்றது. ஆல்ரிக்குக்கு உயிர் வந்தது. மேட்டுத் தெருவழியே போனால் சந்தைக்கூட்டத்தில் மாட்டிக்கொள்வோம். சுரங்கப்பாதையில் நுழைந்தால் மறுபக்கம் கப்பலடிதான். ஒரே மிதி மிதித்தான்.

பாதிச் சுரங்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். வேன் நின்றுவிட்டது. அலமாரியின் தலை சுரங்கத்தின் பாறைக்கூரையில் இறுகியிருந்தது.

"மெதுவாடா, கண்ணாடி வச்ச அலமாரி," என்றாள் அத்தை.

பின்னாலேயே வந்து நின்றது க்ளைட்டஸின் வேன். அவன் தலையை வெளியே நீட்டினான். "என்னடா ஆல்ரிக், கட்டில் எங்க? அதையும் ஏத்திட்டு வந்திருந்தா குடித்தனமே பண்ணலாமே?"

அவனுக்குப் பின்னால் பத்து வண்டி, இருபது வண்டி என்று சேர்ந்து, சுரங்கமே ஹாரனால் அதிர்ந்தது. கயிறு இறுகிப் போய் முடிச்சு அவிழவில்லை. ஒருவர் கத்தியோடு ஓடிவந்தார். "கயித்தை அறுத்தா அலமாரி விழும், அலமாரி விழுந்தா நீ விழுவே," என்று அத்தை சொன்னதும் வந்த வேகத்தில் திரும்பினார்.

அப்போதுதான் ஆல்ரிக்குக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. டயரில் காற்றை இறக்கினால் வேன் தாழும், அலமாரி தன்னால் விடுபடும். வலப்பக்க டயர்கள் இரண்டிலும் இறக்கினான். வேன் தாழ்ந்தது, ஆனால் வலப்பக்கம் மட்டும். அலமாரியின் மூலை பக்கச்சுவரில் போய்ச் சொருகிக்கொண்டது. இனி முன்னாலும் நகராது, பின்னாலும் நகராது.

"மணி அஞ்சேகால்," என்றார் ஹாப்டே.

ஆல்ரிக்குக்கு அழுகை வந்துவிட்டது. பேட்ஜ், வேன், பிழைப்பு எல்லாம் கண்முன் போயின. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்து இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினான். அத்தை அன்போடு திணித்த ஈரப்பலாக்காயை இடுக்கிக்கொண்டு ஹாப்டே ஓடினார்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இவர் இப்படி ஓடி வரல," என்று அவர் மனைவி மூச்சிரைக்கச் சிரித்தாள்.

சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து மூலை திரும்பினார்கள். கப்பல் மலைபோல் நின்றுகொண்டிருந்தது. ஏணிகூட எடுக்கப்படவில்லை. ஆல்ரிக் துள்ளினான். ஹாப்டே அவனைக் கட்டிப்பிடித்தார், அவர் மனைவி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். கடைசிப் படிவரை கையாட்டிக்கொண்டே ஏறிப் போனார்கள்.

ஆல்ரிக் பேட்ஜைத் துடைத்து நிமிர்த்திக்கொண்டு, துறைமுக வாசலில் காவலுக்கு நின்ற டெஸ்மாவிடம் வந்தான்.

"வணக்கம் டெஸ்மா. பாத்தியா, இந்த ஆல்ரிக் வர்ற வரைக்கும் கப்பலே காத்துக்கிட்டு நிக்குது."

"வணக்கம்ணே. நிக்காம எங்க போகும்? அதைத் துறைமுகத்துக்கு வெளிய ஓட்டிக் கொண்டுபோய் விடவேண்டிய பைலட், டனலுக்கு வர்ற கிராண்ட் ஆன்ஸ் ரோட்டுல நகர முடியாம நிக்கிறாராம், எவனோ ஒரு அறிவாளி அலமாரியைக் கொண்டாந்து டனல்ல சொருகிட்டானாம்."