இரண்டாம் நம்பர் துப்பாக்கி

"ஏங்க, பக்கத்து வீட்டுப் பால்மிரா பரண்ல ஏதோ பழைய துப்பாக்கி கிடக்காம். போய்ப் பாருங்களேன்."

சொன்னது என் மனைவி எர்சிலியா. சிரித்துக்கொண்டே சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து துப்பாக்கி என்றாலே முகத்தைத் திருப்புகிறவள் அவள்.

இத்தாலியில் எங்கள் கார்தோனே ஊரில் பாதிப் பேர் துப்பாக்கி செய்கிறவர்கள். மீதிப் பேர் அதனால் கஷ்டப்படும் மனைவிமார்கள். நான் செய்கிறவன் இல்லை, சேர்க்கிறவன். எனக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். 1911இல் எங்கள் ஊர்க் கிழவர் ஃபௌஸ்தினோ ஜோடியாகச் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் முதலாம் நம்பர் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் நம்பரைத் தேடி இருபத்திரண்டு வருஷம், ஒரு ஞாயிறு விடாமல் ஊர் ஊராக அலைந்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் என் கட்டை வேகாது.

பால்மிரா மேஜைவிரிப்பில் சுற்றி எடுத்து வந்தாள்.

"நீங்க தேடற இரும்பு இதுவான்னு பாருங்கண்ணே."

குழல்களுக்கு நடுவே தங்கத்தில் '2'. ஆனாலும் உடனே நம்பிவிடவில்லை. '2' யார் வேண்டுமானாலும் வெட்டலாம். குழலைக் கழற்றி அடியில் வரிசை எண்ணைப் பார்த்தேன். என்னுடையது 4117. இது 4118. பக்கத் தகட்டில் செதுக்கிய உள்ளான் பறவை. என்னுடையதில் இடப்பக்கம் பார்க்கும், இதில் வலப்பக்கம் பார்த்தது. அசல்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

துடைத்துக்கொண்டு பார்த்தால், துப்பாக்கியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. பரணில் கிடந்தது இப்படியா பளபளக்கும்? துப்பாக்கியின் மரக் கட்டையை முகர்ந்தேன். கிராம்பு வாசனை. ஆளி விதை எண்ணெயில் கிராம்பு போட்டு நானே காய்ச்சும் எண்ணெய். உலகத்தில் ஒரே டப்பா, என் அலமாரியில்.

"யாரும்மா இதுக்கு எண்ணெய் போட்டது?"

"உங்க வீட்டம்மாதாண்ணே. வருஷா வருஷம் வந்து போட்டுட்டுப் போவா. எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து, பதினேழு வருஷமா. நீங்க எடுத்துட்டுப் போங்க. உங்க பேருக்கு மாத்தப் போலீஸுக்குக் குடுக்கற ஃபாரம்கூட அவளே நிரப்பி வெச்சுட்டா."

துப்பாக்கியோடு வீட்டுக்குள் புயலாக நுழைந்தேன்.

"பதினேழு வருஷமா தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு, என்னை நேப்பிள்ஸ் வரைக்கும் அலையவிட்டியே!"

"சாப்பாடு கட்டிக் குடுத்துத்தானே அனுப்பினேன்?"

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமை வீட்லயே உக்காந்திருப்பீங்க. எனக்குன்னு இருந்தது அந்த ஒரு நாள்தான்."

"அப்ப இப்ப மட்டும் ஏன் சொன்னே?"

"நானும் பால்மிராவும் இனிமே ஞாயித்துக்கிழமைல ஏரிப் பக்கம் போய் வரலாம்னு இருக்கோம். அம்மாவைப் பாத்துக்க வீட்ல ஆள் வேணும்ல?"

"யாரோட அம்மா?"

"எங்கம்மாதான். சனிக்கிழமை வர்றாங்க. இங்கேயே இருப்பாங்க. துப்பாக்கிச் சத்தம் மட்டும் ஆகாது அவங்களுக்கு. உங்க துப்பாக்கி ரூமைத்தான் ஒழிச்சுக் குடுத்திருக்கேன்."

"என் துப்பாக்கி?"

"ஒண்ணாம் நம்பரா? பால்மிரா பரண்ல பத்திரமா இருக்குங்க."